ரெண்டு மணல் நேரம்

எங்க பொண்ணுக்கு அமுதவல்லின்னு பேரு வெச்சது எங்கூட்டுக்காரரு. அந்தப் பேரைக் கேட்டா உங்களுக்கு என்ன தோணுது? பாவாடையை இழுத்து மூடிக்கிட்டு, பூ கட்டிக்கிட்டு, ஒரே எடத்துல அமைதியா இருக்கிற புள்ள ஞாபகத்துக்கு வருது இல்லீங்களா? எங்க அமுது உக்காந்து நானே பார்த்ததில்ல. அஞ்சு வயசு முடிஞ்சிருக்குது. சோத்தை நின்னுக்கிட்டுத்தான் திங்கும். ரெண்டு வாய்க்கு நடுவுல தெருவுக்குப் போயி நாயை நலம் விசாரிச்சுட்டு வரும். ராத்திரி தலகாணியில படுக்க வெச்சா விடியக்காத்தால கட்டிலுக்கு அடியில இருந்து எடுக்கணும்.

நான் சுமலதா. பாலக்கோட்டுல தக்காளி மண்டியில வேலை. தரம் பிரிக்கிற பொம்பளைங்களை மேய்க்கிறது என் பொறுப்பு. ஒரு பக்கம் லாரி உறுமும், ஒரு பக்கம் ஏலம் கூவுவாங்க, அது அத்தனைக்கும் மேல என் சத்தம் கேக்கணும். அதனால வூட்டுலயும் எனக்கு மெதுவாப் பேச வராது. எங்கூட்டுக்காரரு அர்ச்சுனன் எனக்கு நேர் எதிரு. மாட்டுத் தரகரு. சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு, விரலைப் பிடிச்சு அழுத்தியே விலை பேசி முடிச்சிடுவாரு. சுத்தி நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. அப்படியே பழகி வூட்டுலயும் வாயைத் திறக்க மாட்டாரு. கல்யாணமான புதுசுல, ஊமையைக் கட்டி வெச்சுட்டாங்களோன்னு நான் எங்கம்மாகிட்ட சண்டைக்கே போயிருக்கேன்.

போன ஆயுத பூஜை கழிச்சு அமுது படிக்கிற நர்சரி ஸ்கூல்ல இருந்து கூப்பிட்டு அனுப்பினாங்க. ஹெட்மாஸ்டர் சவுரியப்பன் சார் நல்ல மனுசன்தான், ஆனா எதையும் இழுத்து இழுத்துச் சொல்லுவாரு. கிளாஸு நடக்கும்போது அமுது பெஞ்சு மேல ஏறி நடக்குதாம். எல்லாப் புள்ளைங்க டிபன் பாக்ஸையும் திறந்து, யாரு என்ன கொண்டாந்திருக்காங்கன்னு சத்தமா அறிவிக்குதாம். டீச்சர் போர்டுல எழுதத் திரும்பினா, இது வெளிய போயி மோட்டார் போட்ட ஆயாம்மாகிட்ட தண்ணி ரொம்பிடுச்சுன்னு சொல்லுதாம். தண்ணி ரொம்பித்தானே இருந்துச்சுன்னு நான் கேட்டேன். அவுரு அடுத்ததுக்குத் தாவிட்டாரு. டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரை இருந்தா வாங்கிக் குடுங்க, ஒண்ணாங்கிளாஸுக்கு ஏத்தறதுன்னா இப்படியே இருந்தா நிர்வாகத்துல ஒத்துக்க மாட்டாங்க, அதனாலன்னு இழுத்தாரு. அதனால என்னன்னு கேக்கற பொறுமை எனக்கு ஏது? டிசியைக் குடுக்கறதுன்னா நேராக் குடுங்க சார், சுத்தி வளைக்காதீங்கன்னு சேரைத் தள்ளிட்டு வந்துட்டேன்.

வெளிய வந்தப்புறம்தான் பயம் பிடிச்சுது. ஏன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை லீவுன்னு சொன்னா அழுவற ஒரே புள்ள எங்க அமுதுதான். அதுக்கு ஸ்கூலுன்னா உசிரு. இந்த ஸ்கூலு அனுப்பிட்டா, அடுத்த ஸ்கூலுக்கு இது போறதுக்கு முன்னாடியே அடங்காத புள்ளன்னு பேரு போயிடும். அந்தப் பேரு ஒரு தடவை ஒட்டிக்கிச்சுன்னா எத்தனை வருஷம் தேய்ச்சாலும் போவாது. எனக்கு அந்த பயம்தான்.

மாத்திரை குடுக்கறதுல எனக்கு இஷ்டமில்ல. பக்கத்து வூட்டு மாதம்மா அக்காகிட்டச் சொன்னேன். சொன்னது என் தப்பு. சாயந்திரத்துக்குள்ள தெருவே வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுடுச்சு. கயிறு மந்திரிச்சுக் கட்டுன்னாங்க, கட்டினோம். கயித்தை அமுது நாய்க்குக் கட்டிடுச்சு, நாய் இப்ப நல்லா அடங்கியிருக்குது. வல்லாரைத் துவையல் அரைச்சுக் குடுன்னாங்க, அரைச்சேன். துவையலைச் செவுத்துல பூசி இது மாடு வரைஞ்சுது. யோகா கிளாஸுல சேர்த்துப் பாருன்னாங்க. கண்ணை மூடி உக்காருங்கன்னு மாஸ்டர் சொல்லி, அவரு கண்ணைத் திறந்து பார்க்கறதுக்குள்ள இது ரோட்டைத் தாண்டி பரோட்டா கடையில நிக்குது.

கடைசியா ஒகேனக்கல்லு. அங்க எண்ணெய் தேய்ச்சு உருவி விட்டா உடம்புல இருக்கிற முறுக்கெல்லாம் எறங்கிடும், புள்ள சாந்தமாயிடும்னு மாதம்மா அக்கா அடிச்சுச் சொல்லிச்சு. நாங்க மூணு பேரும் பஸ்ஸு ஏறிப் போனோம். ஆத்தோரம் பாறையில தேய்க்கிறவரு நல்ல கனமான ஆளு. எங்க அமுதைக் குப்புறப் போட்டு, தலையில இருந்து பாதம் வரைக்கும் எண்ணெயை ஊத்தித் தேய்ச்சாரு. இதுவும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்துச்சு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பாருங்க, அடங்கிடுச்சுன்னு எங்கூட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். திரும்பினது அவ்வளவுதான்.

எண்ணெய் தேய்ச்ச புள்ளையை நீங்க பிடிச்சுப் பார்த்திருக்கீங்களா? பார்க்காதீங்க. தேய்ச்சவரு கையைப் பிடிச்சாரு, வழுக்கிடுச்சு. நான் காலைப் பிடிச்சேன், வழுக்கிடுச்சு. மீன் வறுக்கிற கடைங்களுக்கு நடுவுல எங்க அமுது பளபளன்னு ஓடுது, பின்னாடி நாங்க ஓடறோம். எங்களுக்குப் பின்னாடி, என்னமோ திருட்டுப் போச்சுன்னு நினைச்சு நாலு பேரு ஓடி வர்றாங்க. ஒரு கடைக்காரரு இதைக் கட்டிப் பிடிச்சு, கையில எண்ணெய்தான் மிச்சம்னு நிக்கிறாரு. எனக்கு ஆத்துப் பக்கம் போயிடுமோன்னு உசிரே இல்ல. கடைசியில எங்கூட்டுக்காரரு முன்னாடி சுத்திப் போயி, தோள்ல கிடந்த துண்டை விரிச்சு அது மேல போட்டு மடக்கிட்டாரு. துண்டுக்குள்ள அது கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம நின்னாரு. அதுவும் நின்னுச்சு. அதை அன்னிக்கு நான் கவனிக்கல. ஊரு கூடி வேடிக்கை பார்க்க, எங்கியோ வூட்டுல இருக்கிற மாதம்மா அக்காவைத் திட்டறதுல இருந்தேன்.

அதுக்கப்புறம்தான் தர்மபுரியில டாக்டர் ஜாஸ்மினைப் பார்த்தோம். குழந்தைங்களுக்கான மனநல டாக்டர். சின்ன வயசுதான், பேச்சு நிதானமா இருந்துச்சு. அமுதுகூட விளையாடினாங்க, எங்களை என்னென்னவோ கேட்டாங்க, டீச்சருங்க சொன்னதையும் எழுதி வாங்கிட்டு வரச் சொல்லிப் பார்த்தாங்க. அப்புறம் இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு, இது கொழுப்பும் இல்ல, நீங்க வளர்த்த லட்சணமும் இல்ல, மூளை வேலை செய்யற விதமே அப்படின்னாங்க. மாத்திரைதானேன்னு நான் பயந்துக்கிட்டே கேட்டேன். மாத்திரை ஒண்ணும் விஷம் இல்லம்மா, தேவைப்பட்டா பின்னாடி அதைப் பத்திப் பேசலாம், ஆனா இந்த வயசுக்கு மொதல்ல பயிற்சிதான்னாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. எப்ப புள்ளையைக் கூட்டிட்டு வரணும்னு கேட்டேன்.

"புள்ளைக்கு இல்லம்மா, பயிற்சி உங்களுக்கு" அப்படின்னாங்க.

எனக்கு வந்துச்சே கோவம். பெஞ்சு மேல நடக்கறது அது, பயிற்சி எனக்காம். எங்கூட்டுக்காரரு கீழ குனிஞ்சு சிரிச்சாரு. அதைப் பார்த்துட்டேன், அதுக்கு அவருக்கு வூட்டுல பூசை இருந்துச்சு.

அடுத்த சனிக்கிழமை போனோம். டாக்டரம்மா என்னை நிக்க வெச்சு, நான்தான் அமுது, ஸ்கூல் விட்டு வந்திருக்கேன், எப்பவும் சொல்ற மாதிரி சொல்லுங்கன்னாங்க. எனக்கென்ன, ஆரம்பிச்சேன். ஏ அமுது, செருப்பைக் கழட்டி ஓரமா வை, பையை மாட்டு, கை காலு கழுவு, யூனிபார்மை மாத்து, பாலு ஆறுது பாரு, அந்த நாயை விடு, ஹோம்வொர்க் என்ன குடுத்தாங்க, உன்னைத்தாண்டி, காது கேக்குதா. ஒரே மூச்சு. பக்கத்து ரூமுல இருந்து ஒரு நர்சு எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. டாக்டரம்மா ஒத்தைச் செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நிஜமாவே எனக்கு மறந்துபோச்சும்மா, இப்ப நான் எதைச் செய்யணும்னு கேட்டாங்க. எனக்கே மறந்துபோச்சு.

அப்புறம் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு நேரத்துல ஒரு சொல்லு. தூரத்துல இருந்து கத்தாம, கிட்டப் போயி, தொட்டு, கண்ணைப் பார்த்துச் சொல்லணும். செஞ்சா அந்த நொடியே பாராட்டணும். ஒரு தடவை திட்டினா அஞ்சு தடவை பாராட்டணும். உக்காருன்னு மொட்டையாச் சொன்னா அதுக்கு எப்ப முடியும்னு தெரியாது, நேரம் கண்ணுக்குத் தெரியணும்னு சொல்லி, ஒரு சின்ன மணல் கடிகாரம் குடுத்தாங்க. கவுத்து வெச்சா மணல் மேல இருந்து கீழ எறங்கி முடிய ரெண்டு நிமிஷம் ஆகும். அதை எங்கூட்டுல மணல்னே சொல்லிப் பழகிட்டோம்.

பாராட்டறது இருக்குதே, அது தக்காளிக் கூடை தூக்கறதைவிடக் கஷ்டம். வூட்டுல வரலேன்னா வேலை பார்க்கிற எடத்துல பழகிப் பார்ப்போம்னு, மண்டியில சின்னபொண்ணுன்னு ஒரு பொம்பளைகிட்டப் போயி, தொட்டு, கண்ணைப் பார்த்து, நல்லாப் பிரிச்சிருக்கறன்னு சொன்னேன். அது கூடையைக் கீழ வெச்சுட்டு, வேலையை விட்டு நிறுத்தப் போறீங்களாக்கான்னு அழுவ ஆரம்பிச்சுடுச்சு. வூட்டுல பாராட்டினப்ப அமுது என் நெத்தியைத் தொட்டுப் பார்த்து, அம்மாவுக்கு ஜொரம்னு தெருவுல போயிச் சொல்லிட்டு வந்துச்சு. ஆனா ஒண்ணு, ஒரு சொல்லு சொன்னா செருப்பு மட்டும் ஓரமாப் போக ஆரம்பிச்சுது. ஒரு மாசத்துக்கு அது ஒண்ணுதான். நான் அதுக்கே மாதம்மா அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உக்காரத்தான் மாட்டேங்குது. மணலைக் கவுத்து வெச்சா, மணல் எறங்கறதுக்குள்ள இது எறங்கிப் போயிடும்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, ஸ்கூல் லீவுன்னு அழுததைச் சமாளிக்க முடியாம, எங்கூட்டுக்காரரு அதை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மாடு, வண்டி, கும்பல், அங்க போயித் தொலைச்சுட்டு வந்து நிப்பாருன்னு எனக்கு அன்னிக்கு மண்டியில கையே ஓடல. மத்தியானம் போன் பண்ணா எடுக்கல. சாயந்திரம் ரெண்டு பேரும் பொரி தின்னுக்கிட்டு வந்தாங்க. எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். எங்கூட இருந்துச்சுன்னாரு. எப்படின்னு கேட்டேன். துண்டுக்குள்ள இதோட கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்னாரு. யாரு என்ன விலை அழுத்தறாங்கன்னு இதுக்கும் தெரியுது, வெளிய யாருக்கும் தெரியாது, அந்த ரகசியத்துக்காவே அப்படியே நின்னுச்சாம். எங்கூட்டுக்காரரு அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.

அன்னிக்கே நான் பிடிச்சுக்கிட்டேன். அமுதைப் பக்கத்துல கூப்பிட்டு, துண்டை மேல போட்டு, மூணு விரலைப் பிடிச்சு அழுத்தி, மூணு மணல் உக்காந்து எழுதணும்னேன். அது என் கண்ணையே பார்த்துச்சு. வெளிய ஆட்டோ போச்சு, திரும்பல. நாய் கொலைச்சுது, திரும்பல. அப்புறம் மெதுவா என் கையில ஒரே ஒரு விரலைப் பிடிச்சு அழுத்துச்சு.

எனக்குப் புரியல. எங்கூட்டுக்காரரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. மனுசன் பண்ண காரியம் என்னன்னா, மொதல்ல சொல்ற விலைக்கு ஒத்துக்கவே கூடாதுன்னு சந்தையில இதுக்குச் சொல்லிக் குடுத்துட்டாரு. அஞ்சு வயசுப் புள்ளைக்கு எதைச் சொல்லிக் குடுக்கறதுன்னு ஒரு வெவஸ்தை வேணாமா? அவரு போட்ட விதை, அன்னியில இருந்து எங்கூட்டுல எல்லாத்துக்கும் பேரம். நான் மூணுன்னா அது ஒண்ணுங்கும். நானும் விடுவனா, மண்டியில இருக்கறவ. அஞ்சுல ஆரம்பிச்சேன். அது ஒண்ணுல ஆரம்பிச்சுது. ஏறி எறங்கி மூணுல வந்து நின்னு, முழுக்கையையும் பிடிச்சுக் குலுக்குனோம். குலுக்கிட்டா பேரம் முடிஞ்சுது. குலுக்கினதுக்கு அப்புறம் மாத்தறவனை சந்தையில மனுசனா மதிக்க மாட்டாங்கன்னும் அவங்கப்பாவே சொல்லி வெச்சிருந்தாரு. அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மன்னிச்சுட்டேன். மணலைக் கவுத்து வெச்சுட்டு எங்க அமுது உக்காந்துச்சு. ஒரு மணல் முடிஞ்சதும் அதுவே திருப்பிக் கவுத்துச்சு. காலு ஆடுது, தலை ஆடுது, பென்சில் காதுல போவுது, ஆனா உக்காந்திருந்துச்சு. நான் அடுப்பாங்கரைக்குப் போயி அழுதுட்டு வந்தேன்.

டாக்டரம்மாகிட்டச் சொன்னப்ப ரொம்பச் சிரிச்சாங்க. தொடறது, கண்ணைப் பார்க்கறது, ஒரே சொல்லு, அதுவே ஒத்துக்கிட்ட நேரம், நான் சொன்னது எல்லாமே இதுல இருக்குதும்மான்னாங்க. அவங்களும் துப்பட்டாவைப் போட்டு ஒரு பேரம் பேசிப் பார்த்தாங்க. தோத்துட்டாங்க. ஒரேயடியா நம்பிடாதீங்க, சில நாள் நடக்கும், சில நாள் நடக்காதுன்னு சொல்லி அனுப்பினாங்க. அது நெசம்தான். பொங்கல் சமயத்துல ஒரு வாரம் எந்தப் பேரமும் படியல, கூரை மேல ஏறி நின்னுச்சு.

மார்ச்சு மாசம் மறுபடியும் ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. ஒண்ணாங்கிளாஸு விஷயம், இன்னிக்கு முடிவு சொல்லிடுவாங்கன்னு தெரியும். எங்கூட்டுக்காரரு வெளியூரு சந்தைக்குப் போயிட்டாரு. நானும் அமுதும் போனோம். போற வழியெல்லாம், என்ன சொன்னாலும் கத்தக் கூடாது, கத்தக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வாயை விட்டுச் சொல்லிட்டேன் போலிருக்குது, பக்கத்துல அது கேட்டுக்கிட்டே வந்திருக்குது.

சவுரியப்பன் சார் உக்காரச் சொன்னாரு. ஒரு பெஞ்சுல நானும் அமுதும் உக்காந்தோம். அவுரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு, மாட்டி, "அம்மா, நிர்வாகத்துல என்ன சொல்றாங்கன்னா, இந்தப் புள்ளையை" அப்படின்னு இழுத்தாரு. எனக்குக் காதுல ரத்தம் ஏறுச்சு. இந்தப் புள்ளையை என்ன பண்றீங்கன்னு கேக்க வாயைத் திறந்துட்டேன், பாதி எழுந்தும் ஆச்சு. என் முந்தானைக்கு அடியில ஒரு சின்னக் கை வந்து என் கையைப் பிடிச்சுது. நாலு விரலு. அழுத்தமா.

நான் திரும்பிப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நாலு மணல் நீ சும்மா இருங்குது. நான் ஒரு விரலைப் பிடிச்சேன், என்னால அவ்வளவுதான் முடியும். அது மூணுன்னுச்சு. நான் ஒண்ணுலயே நின்னேன். அது ரெண்டைப் பிடிச்சுக்கிட்டு விடல. குலுக்கியாச்சு. பாவாடைப் பையில இருந்து மணலை எடுத்து ஹெட்மாஸ்டர் மேஜை மேல கவுத்து வெச்சுது.

பேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். சவுரியப்பன் சார் நான் குறுக்க பாய்வேன்னு ரெண்டு தடவை நிறுத்திப் பார்த்தாரு. நான் பாயல. அப்புறம் அவுரு பாட்டுக்குச் சொன்னாரு. அனுப்பிடலாம்னு நிர்வாகத்துல சொன்னது நெசம்தானாம். இவருதான் பொறுங்கன்னு தள்ளிப்போட்டுக்கிட்டு வந்தாராம். புள்ள புத்திசாலி, ஒண்ணாங்கிளாஸு டீச்சரு ஒருத்தராச் சமாளிக்கணும், இந்தப் புள்ள ஒரு எடத்துல உக்காந்ததை என் கண்ணால பார்த்தேன்னு நிர்வாகத்துகிட்ட நான் சொல்ற மாதிரி ஏதாவது வேணும், டாக்டரு என்ன செய்யச் சொல்றாங்களோ அதை நாங்களும் செய்யறோம், இதைச் சொல்லத்தான் அன்னிக்கும் கூப்பிட்டேன், நீங்க பாதியில எழுந்து போயிட்டீங்கன்னாரு. நடுவுல மணல் தீர்ந்துச்சு. அமுது ஒத்தைக் கையால அதைத் திருப்பிக் கவுத்துட்டு, இன்னொரு கையால என் விரலைப் பிடிச்சபடியே இருந்துச்சு.

அவுரு பேச்சை நிறுத்திட்டு மணலைப் பார்த்தாரு. அப்புறம் அமுதைப் பார்த்தாரு. இத்தனை நேரமா அது பெஞ்சுல உக்காந்திருக்கிறது அப்பத்தான் அவருக்கு உறைச்சுது. எனக்கும் அப்பத்தான்.

"என்ன பாப்பா பண்ற?" அப்படின்னு கேட்டாரு.

"அம்மாவை உக்கார வெச்சிருக்கேன் சார். கையை விட்டா எழுந்துக்கும்."

சவுரியப்பன் சார் கண்ணாடியை மறுபடியும் கழட்டித் தொடைச்சாரு. இதை அந்த டீச்சருக்கும் சொல்லிக் குடுங்கம்மா, ஜூன் மாசம் ஒண்ணாங்கிளாஸுல உக்காரட்டும், நிர்வாகத்துகிட்ட நான் பார்த்தேன்னு சொல்லிக்கிறேன்னாரு. மணல்ல கடைசிப் பொடி எறங்கி முடிஞ்சுது. அமுது அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு என்னை நிமிந்து பார்த்துச்சு.

"ரெண்டு மணல் ஆயிடுச்சும்மா. இப்ப நீ கத்திக்கோ."

வாயைத் திறந்தேன். கத்தறதுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல. முந்தானைக்குள்ள அது கையைத் தேடி ஒரு விரலைப் பிடிச்சேன், இன்னும் ஒரு மணல் இப்படியே இருக்கலாம்னு. பேரம் பேசாம ஒத்துக்கிச்சு.